கப்பலைக் காட்டும் வானொலி

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

என் தாய்மாமன் சரக்குக் கப்பலில் மாலுமியாகப் பணிபுரிகிறார். விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் அவர் சொல்லும் கதைகளில் புயலைவிட அதிகமாக இடம்பெறுவது ஆங்கிலக் கால்வாய்தான். "புயல் வந்தா முன்னாடியே தெரியும் மருமகனே. அந்தக் கால்வாயில ராத்திரி ஒரு சின்னப் பாய்ப்படகு குறுக்க வந்தா, வந்ததே தெரியாது" என்பார். இருபது ஆள் உயரத்துக்கு மேல் காவல் நிற்பவரின் கண்ணுக்கு அப்படகின் சிறு விளக்கு, கரையோர ஊர்களின் விளக்குகளோடு விளக்காகக் கலந்துவிடுமாம். "நாங்க பார்ப்போம்னு நம்பி அவன் வரக்கூடாது. எங்களை அவன் பார்த்துக்கணும். அதுக்கு இப்ப ஒரு பெட்டி இருக்கு" என்று அவர் சொன்னதுதான் இக்கட்டுரைக்கு வித்து.

அந்தப் பெட்டி யாது? அதை ஒரு சிறு பாய்மரப் படகில் குறைந்த செலவில் பொருத்துவது எப்படி? பொருத்திய பின் அதனை எவ்வளவு தூரம் நம்பலாம்? இவையே இங்கு நாம் காண இருப்பவை. வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் அலைநீளமும் சார்புத் திசைவேகமும் அங்கே ஓர் உயிரைக் காக்கும் கணக்குகளாக இருப்பதைக் கண்டபோது எனக்கு வியப்பாக இருந்தது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே டோவர் நீரிணை மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 33 கிலோமீட்டர், அதாவது 18 கடல் மைல் அகலமே உடையது. அதன் வழியாக நாள்தோறும் நானூறுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் செல்கின்றன. இக்கூட்டத்தை ஒழுங்குபடுத்த 1967ஆம் ஆண்டு முதல் அங்கே கப்பல்களுக்கு இரு தனி வழிகள் வகுக்கப்பட்டுள்ளன. தென்மேற்கே செல்பவை இங்கிலாந்துக் கரைப்பக்கமும், வடகிழக்கே செல்பவை பிரான்சுக் கரைப்பக்கமும் போகவேண்டும். டோவரிலிருந்து கலே துறைமுகத்துக்குப் பாய்ப்படகில் செல்பவர் முதலில் இடப்புறமிருந்து வரும் கப்பல்களையும், பாதிக் கடல் கடந்தபின் வலப்புறமிருந்து வரும் கப்பல்களையும் சந்திப்பார். விரைவுப் பேருந்துகள் ஓடும் நெடுஞ்சாலையை மாட்டு வண்டியில் கடப்பதற்கு ஒப்பான காரியம் இது.

பாய்ப்படகுக்கு இயந்திரக் கப்பல் வழிவிட வேண்டும் என்பது கடல் விதி என்று பலரும் கேள்விப்பட்டிருக்கலாம். உண்மைதான். ஆனால் 1972ஆம் ஆண்டின் மோதல் தடுப்பு விதிகளில் பத்தாவது விதி வேறொன்றும் சொல்கிறது. வகுக்கப்பட்ட வழியில் செல்லும் இயந்திரக் கப்பலின் போக்கிற்குப் பாய்ப்படகோ, 20 மீட்டருக்குக் குறைந்த எந்தக் கலமுமோ இடையூறு செய்யலாகாது. குறுக்கே கடப்பதாயின் கூடியவரை செங்குத்தாகக் கடக்கவேண்டும். ஆகவே விலகிச் செல்லும் பொறுப்பில் பெரும்பங்கு சிறியவன் தலையில்தான் விழுகிறது.

விலக வேண்டுமானால் முதலில் பார்க்கவேண்டும். கடல் மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் கண்ணை வைத்திருக்கும் படகோட்டிக்குத் தொடுவானம் மூன்று கடல் மைலுக்குள் முடிந்துவிடுகிறது. கப்பல் உயரமானதாகையால் அதன் மேற்பகுதி அதற்கு அப்பாலும் தெரியும். நல்ல பகலில் ஏழெட்டு மைலிலேயே காணலாம். ஆனால் அக்கால்வாயில் நல்ல பகல் எத்தனை நாள்? மூட்டமான வானிலையில் இரண்டு மைல், பனிமூட்டத்தில் அரை மைல். மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில், மாலுமிகள் வழக்கில் 20 நாட் வேகத்தில், வரும் கப்பல் ஒரு மைலை மூன்றே நிமிடத்தில் கடக்கும். இரண்டு மைலில் கண்டால் ஆறு நிமிடம். அரை மைலில் கண்டால் ஒன்றரை நிமிடம். அதே கப்பலை முழு வேகத்திலிருந்து நிறுத்த முயன்றால் அது ஒரு மைலுக்கு மேலும் ஓடித்தான் நிற்கும்.

2006ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் 'ஊசோ' என்னும் 25 அடிப் பாய்ப்படகு மூவருடன் வைட் தீவிலிருந்து மேற்கே டார்ட்மத் நோக்கிப் புறப்பட்டது. அன்றிரவு தீவுக்குத் தெற்கே அது மறைந்தது. உயிர்காப்பு மேலுடை அணிந்திருந்தும் மூவரும் இறந்தனர். பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுத் துறை ஆராய்ந்து, அவ்வழியே சென்ற பெரிய பயணிகள் கப்பல் ஒன்று அப்படகை மோதியோ, மிக அருகில் கடந்து தன் அலையால் மூழ்கடித்தோ இருக்கவேண்டும் என்று முடிவு கூறிற்று. மிக அருகில் வரும்வரை கப்பலின் காவலர் படகைக் காணவில்லை. ராடாரிலும் படகு கவனிக்கப்படவில்லை. என் மாமா சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

கப்பல்கள் பேசும் மொழி

இனி அந்தப் பெட்டிக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஆட்டோமேட்டிக் ஐடென்டிஃபிகேஷன் சிஸ்டம் என்றும், சுருக்கமாக ஏ.ஐ.எஸ். என்றும் வழங்கும் இம்முறையைத் தமிழில் தன்னியக்க அடையாள முறை எனலாம். ஒவ்வொரு கப்பலும் தன் அடையாளம், இருக்குமிடம், வேகம், செல்லும் திசை ஆகியவற்றை மனிதர் தலையீடின்றி வானொலியில் அறிவித்துக்கொண்டே செல்லும். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ் இது 2002ஆம் ஆண்டு ஜூலை முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டு, 2004ஆம் ஆண்டு முடிவுக்குள் நிறைவேறியது. பன்னாட்டுப் பயணம் செல்லும் 300 டன்னும் அதற்கு மேலும் கொள்ளளவுள்ள கப்பல்களும், அளவு எதுவாயினும் பயணிகள் கப்பல்களும் இக்கருவியைத் தாங்க வேண்டும்.

அறிவிப்பு நிகழும் அலைவரிசைகள் இரண்டு: 161.975 மெகாஹெர்ட்சும் 162.025 மெகாஹெர்ட்சும். வினாடிக்கு 9,600 துணுக்குகள் வீதம் செய்தி செல்கிறது. நூற்றுக்கணக்கான கப்பல்கள் இரண்டே அலைவரிசைகளில் பேசினால் சந்தைக்கடை இரைச்சல் ஆகாதா என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் இம்முறையின் அழகு இருக்கிறது. ஒவ்வொரு நிமிடமும் 2,250 சிறு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பகுதி ஏறத்தாழ 26.7 மில்லி வினாடி. அதில் 256 துணுக்குகள் அடங்கும். எல்லாக் கப்பல்களும் செயற்கைக்கோளிலிருந்து ஒரே கடிகாரத்தைப் பெறுகின்றன. ஒரு கப்பல் பேசும்போதே, தான் அடுத்துப் பேசப்போகும் பகுதியையும் முன்பதிவு செய்துவிடுகிறது. மற்றவை அதைக் கேட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. மேற்பார்வைக்கு ஒரு நிலையமும் தேவையில்லை. பந்தியில் இலை பிடிக்கும் நம்மவர்கள் இதைக் கற்றுக்கொண்டால் நன்று. இவ்வகை நேரப் பங்கீட்டை உருவாக்கியதில் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஹோக்கன் லான்ஸின் பங்கு பெரிது.

பெரிய கப்பல்களின் கருவி 12.5 வாட் ஆற்றலில் பேசும். 14 நாட் வரை செல்லும்போது பத்து வினாடிக்கொரு முறை, அதற்கு மேல் 23 நாட் வரை ஆறு வினாடிக்கொரு முறை, அதற்கும் மேற்பட்டால் இரண்டு வினாடிக்கொரு முறை தன் இடத்தைச் சொல்லும். நங்கூரமிட்டு நின்றால் மூன்று நிமிடத்திற்கு ஒருமுறை போதும். கப்பலின் பெயர், நீளம், சேருமிடம் போன்றவை ஆறு நிமிடத்திற்கு ஒருமுறையே வரும். ஆகையால் புதிதாகத் தென்படும் கப்பல் முதலில் ஒன்பது இலக்க எண்ணாக மட்டும் திரையில் தோன்றி, பிறகுதான் பெயர் பெறும். எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். நம் நாட்டுக்கு உரியது 419.

பெயர் தெரிவதால் ஒரு தனி நன்மை உண்டு. முன்பெல்லாம் வானொலித் தொலைபேசியில் "எனக்கு வடக்கே இரண்டு மைலில் வரும் கப்பலே" என்று கூவுவார்கள். அக்கால்வாயில் அப்படி இருப்பவை நாலைந்து. தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று எக்கப்பலும் எண்ணாது. பெயர் சொல்லி அழைத்தால் பதில் வரும்.

கேட்பதற்கு வேண்டியவை

பேசவும் கேட்கவும் செய்யும் முழுக் கருவி விலை கூடியது. கேட்க மட்டும் செய்யும் ஏற்பி அதில் ஒரு சிறு பங்கு விலைக்கே கிடைக்கும். சிறு படகோட்டிகளில் பலர் இதிலிருந்துதான் தொடங்குகின்றனர். வேண்டியவை நான்கு: ஓர் ஏரியல், ஓர் ஏற்பி, செய்தியைப் படமாக்கும் திரை, இவற்றை இணைக்கும் கம்பிகள். பெட்டியைத் தேர்வதில்தான் எல்லோரும் நேரத்தைச் செலவிடுகிறார்கள். தவறு நேர்வதோ பெரும்பாலும் ஏரியலிலும் கம்பியிலும்.

ஏரியலைப் பாய்மர உச்சியில் வைக்க வேண்டுமா, படகின் பின்புறக் கைப்பிடிக் கம்பியிலேயே வைக்கலாமா என்பது முதல் கேள்வி. இவ்வலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வதால் உயரம் இன்றியமையாதது என்று உடனே சொல்லத் தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம். ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.25 ஆல் பெருக்கினால் அதன் வானொலித் தொடுவானம் கடல் மைலில் கிடைக்கும். பேசுபவர், கேட்பவர் இருவரின் தொடுவானங்களையும் கூட்டினால் அலை எட்டும் தொலைவு. கப்பலின் ஏரியல் 30 மீட்டர் உயரத்தில் இருப்பின் அதன் பங்கு 12.3 மைல். 12 மீட்டர்ப் பாய்மர உச்சியின் பங்கு 7.8, மொத்தம் 20 மைல். இரண்டு மீட்டர் உயரக் கைப்பிடிக் கம்பியின் பங்கு 3.2, மொத்தம் பதினைந்தரை மைல். ஆக, பத்து மீட்டர் உயரத்தை இழந்ததால் போனது நாலரை மைல்தான். கப்பலே உயரமாக இருந்து நமக்கு உதவுகிறது. பதினைந்து மைல் என்பது 20 நாட் கப்பலுக்கு முக்கால் மணி நேரப் பயணம். கண்ணுக்குக் கிடைத்த ஆறு நிமிடத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எதிரே வருவது இன்னொரு சிறு படகாக, அதன் ஏரியலும் தாழ்வாக இருந்தால் மட்டும் தொலைவு ஆறு மைலாகக் குறைந்துவிடும். அதன் வேகமும் குறைவாகையால் அது பெருங்கவலை அன்று.

பாய்மர உச்சிக்கு வேறொரு விலையும் உண்டு. அங்கிருந்து அறைக்குள் கம்பி இறங்க 15 மீட்டராவது ஆகும். ஆர்.ஜி. 58 என்னும் மெல்லிய கோஆக்சியல் கம்பி இவ்வலைவரிசையில் நூறு மீட்டருக்கு ஏறத்தாழ 20 டெசிபல் விழுங்குகிறது. பதினைந்து மீட்டரில் மூன்று டெசிபல். அதாவது பிடித்த ஆற்றலில் பாதி வழியிலேயே போயிற்று. தடித்த கம்பி போட்டால் இழப்பு பாதிக்கும் கீழாகும், ஆனால் உச்சியில் எடை கூடும்; சிறு படகு அதை விரும்பாது. பின்புறக் கம்பியில் வைத்தால் நாலைந்து மீட்டர் கம்பி போதும். பழுது பார்க்க மரமேறவும் வேண்டாம். குறைந்த செலவு என்று பார்த்தால் என் வாக்கு பின்புறக் கம்பிக்கே. ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான அரை அலைநீளக் குச்சி ஏரியல் போதுமானது. 162 மெகாஹெர்ட்சில் அலைநீளம் 1.85 மீட்டர் என்பதால் இந்த அளவு வருகிறது.

வேறு ஏரியலே வேண்டாம், பேசும் வானொலியின் உச்சி ஏரியலையே பங்கிட்டுக்கொள்ளலாமே என்று சிலர் நினைப்பார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டுத் தொலைக்காட்சிக்குப் போடும் ஸ்பிளிட்டரை இங்கே போட்டால், பேசும் வானொலியின் 25 வாட் ஆற்றல் நேரே ஏற்பிக்குள் பாயும். மைக்ரோவாட்டினும் மிகச் சிறிய குறிப்பலைகளுக்காகச் செய்யப்பட்ட பெட்டி முதல் அழைப்பிலேயே கருகிப்போகும். பேசும்போது ஏற்பியைத் தானே துண்டித்துக்கொள்ளும் சிறப்பு ஸ்பிளிட்டர்கள் உள்ளன. அவற்றின் விலை ஏற்பியின் விலையையே எட்டிவிடும். பிறகு சிக்கனம் எங்கே? தனி ஏரியலே நன்று. அதையும் பேசும் ஏரியலுக்கு ஒட்டினாற்போல் வைக்காமல் ஒரு மீட்டருக்கு மேல் விலக்கி வைப்பது நலம்.

ஏற்பிகளில் பழைய மலிவு வகை ஒன்று இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. அது இரு அலைவரிசைகளையும் ஒரே நேரத்தில் கேளாது. மாறி மாறிக் கேட்கும். கப்பல்களும் அலைவரிசையை மாற்றி மாற்றிப் பேசுவதால், ஏறத்தாழப் பாதிச் செய்திகள் தவறிப்போகும். அடிக்கடி பேசும் பெருங்கப்பல்களுக்கு இது போதும். முப்பது வினாடிக்கொரு முறை இரண்டே வாட்டில் பேசும் சிறு கலங்களின் கருவிகளுக்கு இது போதாது. இரண்டையும் ஒருசேரக் கேட்கும் சிறு ஏற்பிகள் இன்று நூறு டாலர் அளவிலேயே கிடைக்கின்றன. அரை வாட்டுக்கும் குறைவான மின்சாரத்தில் இயங்குவனவும் அவற்றில் உண்டு.

இன்னும் மலிவான வழி ஒன்று இயற்பியல் மாணவர்களாகிய நமக்குச் சுவை தருவது. கணினியில் தொலைக்காட்சி பார்ப்பதற்கென ஆர்.டி.எல். 2832 என்னும் சில்லைக் கொண்ட விரலளவுக் கருவி ஒன்று விற்கப்பட்டு வந்தது. அதன் உள்ளே வரும் மூல அலைகளை அப்படியே கணினிக்குள் எடுக்கமுடியும் என்பதை ஆர்வலர்கள் கண்டுகொள்ள, 2012ஆம் ஆண்டு முதல் அது எல்லா அலைவரிசைகளையும் கேட்கும் ஏழையின் ஏற்பியாகிவிட்டது. விலை முப்பது நாற்பது டாலர். இரு ஏ.ஐ.எஸ். அலைவரிசைகளுக்கும் இடைவெளி 50 கிலோஹெர்ட்ஸ்தான். இக்கருவியோ ஒரே நேரத்தில் இரண்டு மெகாஹெர்ட்ஸ் அகலத்தை விழுங்கக்கூடியது. ஆகவே ஒன்றே இரண்டையும் பிடிக்கும். பிரித்துப் படிப்பது மென்பொருளின் வேலை. குறை யாதெனில், மலிவுப் பிரதிகளின் படிகம் பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வரை பிசகும். 162 மெகாஹெர்ட்சில் அது எட்டு கிலோஹெர்ட்ஸ் விலகல். ஒரு வரிசையின் அகலமே 25 கிலோஹெர்ட்ஸ் எனில் இது சிறு பிழையன்று. சூடேறினால் பிசகும் மாறும். வெப்பத்திற்கு ஈடுசெய்யும் படிகம் உள்ள வகையை வாங்கினால் இத்தொல்லை இல்லை.

இக்கருவிக்குக் கணினி வேண்டும். ராஸ்பெர்ரி பை என்னும் சீட்டுக்கட்டளவுக் கணினியும், ஓப்பன் சி.பி.என். என்னும் இலவசக் கடல்வரைபட மென்பொருளும் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன. அக்கணினி நான்கு வாட் இழுப்பதாகக் கொண்டால், 12 வோல்ட் மின்கலத்திலிருந்து ஒரு நாளைக்கு எட்டு ஆம்பியர்-மணி போகும். திரைக்கு வேறு கொடுக்கவேண்டும். காற்றை நம்பிச் செல்லும் படகில் எண்பது ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்றே இருக்கும்போது இது சிந்திக்க வேண்டிய செலவு. விலையில் மிச்சம் பிடித்ததை மின்கலத்தில் இழக்கலாம். துறைமுகத்தில் கற்றுக்கொள்ள விரல் கருவி, கடலில் செல்லத் தனி ஏற்பி என்று வைத்துக்கொள்வது அறிவுடைமை என்று எனக்குப் படுகிறது.

ஏற்பியைப் படகின் பழைய வரைபடத் திரையோடு இணைப்பவர்கள் ஓரிடத்தில் தவறாமல் இடறுவார்கள். படகுக் கருவிகள் என்.எம்.இ.ஏ. 0183 என்னும் பொது மொழியில் பேசிக்கொள்கின்றன. காற்றுமானி, ஆழமானி முதலியன அதில் வினாடிக்கு 4,800 துணுக்கு வேகத்தில் பேசும். ஏ.ஐ.எஸ். ஏற்பியோ 38,400 வேகத்தில் பேசும். திரையின் வாயிலை அவ்வேகத்திற்கு மாற்றாவிட்டால் ஒன்றும் வராது. ஏற்பி கெட்டுவிட்டதென்று திருப்பி அனுப்புவார்கள்! மேலும் ஒரு வாயிலில் ஒருவர்தாம் பேசலாம். வாயில் ஒன்றே உள்ள திரையானால், இருப்பிடம் காட்டும் கருவியின் கம்பியை ஏற்பிக்குள் செலுத்தி, இரண்டு செய்தியும் கலந்து ஒரே கம்பியில் வெளிவரும்படி செய்யவேண்டும். அவ்வசதியுள்ள ஏற்பியா என்பதை வாங்குமுன் கேட்டறிதல் வேண்டும்.

எல்லாம் சரியாக இணைத்தும் கப்பல்கள் மூன்று நான்கு மைலில்தான் தெரிகின்றன என்றால், முதலில் விளக்குகளை ஐயுறவேண்டும். மலிவான எல்.இ.டி. விளக்குகளின் மின்மாற்றுச் சுற்று இவ்வலைவரிசையில் இரைச்சலைக் கொட்டுகிறது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018ஆம் ஆண்டு இதைப் பற்றி எச்சரிக்கையே வெளியிட்டது. சோதனை எளிது. விளக்குகளை அணைத்துவிட்டு, பேசும் வானொலியை அமைதியான ஒரு வரிசையில் வைத்து, இரைச்சல் அடங்கும் அளவுக்கு மட்டும் அதன் தடைக்குமிழைத் திருப்பவேண்டும். பிறகு விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றினால், எந்த விளக்கு ஏறும்போது இரைச்சல் எழுகிறதோ அதுவே குற்றவாளி.

திரையில் வரும் ஓர் எண்

திரையில் கப்பல்கள் சிறு முக்கோணங்களாகத் தோன்றும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் படகோட்டிக்கு வேண்டியவை இரண்டு எண்களே: அக்கப்பல் நம்மை எவ்வளவு அருகில் கடக்கும், இன்னும் எத்தனை நிமிடத்தில் கடக்கும் என்பன. இவை சார்புத் திசைவேகக் கணக்கு அன்றி வேறல்ல.

நம் படகு கப்பல் வழியைச் செங்குத்தாக 5 நாட் வேகத்தில் கடக்கிறது என்க. இடப்புறமிருந்து ஒரு கப்பல் 20 நாட் வேகத்தில் தன் வழியே வருகிறது. அதன் பாதை நமக்கு முன்னே 2 மைலில் குறுக்கிடுகிறது. கப்பல் அப்பாதையில் 8 மைலுக்கு அப்பால் இருக்கிறது. நாம் 2 மைல் செல்ல 24 நிமிடம். அது 8 மைல் வர அதே 24 நிமிடம். குறைந்த தொலைவு சுழி! கண்ணால் பார்ப்பவருக்கு அக்கப்பல் ஒரே திசையில், சற்றும் நகராமல், மெல்லப் பெரிதாகிக்கொண்டே இருக்கும். நகராததால் ஆபத்தில்லை என்று புதியவன் நினைப்பான். நகராததுதான் ஆபத்து.

ஏற்பி உள்ளவன் இதை 24 நிமிடத்திற்கு முன்பே அறிகிறான். அவன் செய்யவேண்டியது பாயைச் சற்றுத் தளர்த்தி, வேகத்தை 5 நாட்டிலிருந்து 3 ஆகக் குறைப்பது மட்டுமே. கணக்கிட்டால் கப்பல் அவனுக்கு முன்னால் 0.8 மைல் தள்ளிக் கடந்துபோகும். மூட்டத்தில் இரண்டு மைல் வரும்போதுதான் கப்பலைக் காண்பவனுக்கு எஞ்சியிருப்பது ஆறு நிமிடம். அவனும் அதேபோல் பாயைத் தளர்த்தினால் இடைவெளி 0.2 மைல், அதாவது 370 மீட்டர். நீளமே 300 மீட்டருக்கு மேலுள்ள கப்பல்கள் செல்லும் வழியில் அது எம்மாத்திரம்? இரண்டு படகோட்டிகளும் செய்தது ஒரே செயல். ஒருவனுக்கு 18 நிமிடம் முன்னால் தெரிந்தது; அவ்வளவுதான் வேறுபாடு.

ஆயினும் ஏற்பி காட்டாதவற்றையும் சொல்லவேண்டும். போர்க்கப்பல்கள் பேசாமல் செல்லலாம். சிறு மீன்பிடிப் படகுகளிலும் பாய்ப்படகுகளிலும் பலவற்றில் கருவியே இராது. நங்கூரமிட்டிருந்தபோது மனிதர் கையால் இட்ட 'நங்கூரத்தில்' என்ற குறிப்பை மாற்ற மறந்து, 15 நாட்டில் ஓடும் கப்பல்களும் உண்டு. இருப்பிடம் முழுவதும் செயற்கைக்கோளை நம்பியிருப்பதால், அவ்வலைகளைக் குலைக்கும் பகுதிகளில் கப்பல் தன்னையறியாமலே பொய் சொல்லும். கைப்பேசியில் இணையம் வழியே கப்பல்களைக் காட்டும் செயலிகள் இருக்கும்போது ஏற்பி எதற்கு என்று கேட்பவர்களும் உளர். அச்செயலிகள் கரையிலுள்ள ஏற்பிகளின் செய்தியைத் திரட்டித் தருபவை. சில நிமிடங்கள் பிந்திவரும். கரையை விட்டு விலகினால் அதுவும் வராது. சில நிமிடம் என்பது எத்தனை மைல் என்பதை மேலே கண்டோம்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, கேட்கும் பெட்டி நம்மைக் காட்டாது என்பதே. 'ஊசோ' போன்ற படகில் அன்றிரவு ஏற்பி இருந்திருந்தால் கப்பல் வருவதைப் படகிலிருந்தோர் அறிந்திருக்கலாம். கப்பலுக்குப் படகு தெரிந்திருக்காது. ஆதலின் நல்ல ராடார் எதிரொலிப்பானும் பிரகாசமான விளக்கும் அதனதன் இடத்தில் இருக்கவேண்டும். ஐந்தாவது விதி கண்ணாலும் காதாலும் காவல் காக்கச் சொல்கிறது. ஏற்பியின் அபாய மணியை நம்பிக் கண்ணயர அது இடம் தரவில்லை.

இக்கணக்கு நம் கடலுக்கும் புதிதன்று. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் விடியுமுன், கேரளத்தின் முனம்பத்திலிருந்து சென்ற 'ஓஷியானிக்' என்னும் மீன்பிடிப் படகு கப்பலொன்று மோதி மூழ்கியது. அதில் சென்றோருள் பலர் நம் குமரி மாவட்டத்தினர். ஆழ்கடலில் வலையோ தூண்டிலோ விட்டுக் கிடக்கும் படகால் பாய்ப்படகைப் போல் உடனே விலகவும் இயலாது. அவர்களுக்கு 24 நிமிடம்கூடக் குறைவுதான். முக்கால் மணி நேரம் முன்னதாகத் தெரிந்தால்தான் பயன்.

விடுமுறை முடிந்து மாமா புறப்படுமுன் இக்கணக்குகளை அவரிடம் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஏற்பி மாட்டியவன் முதலில் என்ன செய்யவேண்டும் தெரியுமா என்றார். துறைமுகத்தை விட்டுப் போகாமல் இரண்டு நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு கப்பலும் எத்தனை மைலில், எந்தத் திசையில் முதன்முதலாகத் திரையில் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதவேண்டுமாம். எல்லாத் திசையிலும் பதினைந்து மைல் வந்து, ஒரு திசையில் மட்டும் ஐந்து வந்தால், அந்தப் பக்கம் ஏரியலை ஏதோ மறைக்கிறது. பாய்மரமோ, பின்னால் இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பியோ, கரையிலுள்ள குன்றோ என்பதைப் படகைத் திருப்பி நிறுத்திப் பார்த்தால் கண்டுகொள்ளலாம். "பெட்டியில தெரியாத பக்கம் எதுன்னு தெரிஞ்சா, அந்தப் பக்கம் கண்ணை வச்சுக்கலாம்ல மருமகனே" என்றார்.